சென்னையில் சமகால ஓவியம், நடனம், டிசைன்: சனிக்கிழமை மட்டும் கிடைத்தால் எங்கே, எப்படி?

பெருங்குடி_மேற்கு

வணக்கம் மக்களே. மார்கழிக் கச்சேரி, சபா நாட்டியத்துக்கெல்லாம் பேப்பரிலேயே பட்டியல் வந்துவிடுகிறது, கேன்டீன் யார் எடுத்திருக்கிறார்கள் என்பது வரைக்கும். நான் கேட்பது அதை இல்லை. இந்தக் கால ஓவியம், சிற்பம், புகைப்படம், புராணக் கதை சொல்லாத நடனம், கொஞ்சம் டிசைன். இதெல்லாம் சென்னையில் நடந்தது என்று முடிந்த பிறகுதான் காதுக்கு வருகிறது.

முன்கூட்டியே தெரிந்துகொள்ள என்ன வழி? சனிக்கிழமை மட்டும்தான் ஓய்வு, கார் கிடையாது. பெருங்குடியிலிருந்து கிளம்பினால் எதை எதோடு சேர்த்துப் பார்க்கலாம்? நடனத்துக்கு எவ்வளவு முன்னால் போகணும், எங்கே உட்காரணும்? வாங்குகிற எண்ணமில்லாமல் கேலரிக்குள் போனால் முகம் சுளிப்பார்களா? எட்டு வயசுப் பொண்ணும் கூட வருவாள். தெரிந்தவர்கள் விவரமாகச் சொல்லுங்கள்.

மையும்தாளும்

நிகழ்ச்சியைத் தேடாதீர்கள், இடத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். இந்த ஊரில் இந்த வகைக் கலைக்கு ஒரே பட்டியல் எங்கும் கிடையாது. டிக்கெட் விற்கும் ஆப்களில் கால்வாசிகூட வராது, பெரும்பாலானவற்றுக்கு டிக்கெட்டே கிடையாது என்பதுதான் காரணம். ஆனால் நடக்கும் இடங்கள் ஒரு கையளவுதான்: கிரீம்ஸ் சாலை லலித் கலா அகாடமி, நுங்கம்பாக்கம் ரட்லண்ட் கேட்டில் உள்ள ஜெர்மன் பண்பாட்டு மையமான மாக்ஸ் முல்லர் பவன், காலேஜ் ரோடு பிரெஞ்சு மையமான அலியான்ஸ் ஃபிரான்சேஸ், எழும்பூர் அருங்காட்சியகம், பெசன்ட் நகர் ஸ்பேசஸ் அரங்கு, ஈஞ்சம்பாக்கம் சோழமண்டலம் கலைஞர் கிராமம், பழைய வீடுகளைக் காட்டும் முட்டுக்காடு தட்சிணசித்ரா. இந்த ஏழின் இன்ஸ்டா பக்கங்களையும் பின்தொடர்ந்து, மின்னஞ்சல் பட்டியல் உள்ளவற்றில் பெயரைக் கொடுத்துவிட்டால் முக்கால்வாசி வேலை முடிந்தது. மீதி, போன இடத்தில் வாசலில் ஒட்டியிருக்கும் அடுத்த நிகழ்ச்சியின் அழைப்பிதழ்.

ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு நடைமுறை உண்டு. அது தெரியாமல் போய் மூடிய கதவைப் பார்ப்பவர்கள்தான் அதிகம்.

லலித் கலா அகாடமியில் கேலரியைக் கலைஞர்களும் அமைப்புகளும் வாடகைக்கு எடுப்பார்கள். ஒரு கண்காட்சி பெரும்பாலும் ஒரு வாரம் ஓடும், பிறகு சுவர் மாறும். நடுவில் ஒன்றிரண்டு நாள் ஆணி அடிப்பதும் பிடுங்குவதும்தான் நடக்கும். கடைசி நாள் மாலை போனால் பாதிப் படம் பபுள் ரேப்பில் சுற்றிக் கிடக்கும். ஆகவே அழைப்பிதழில் போட்டிருக்கும் கடைசித் தேதிக்கு முந்தின நாளையே உங்கள் கடைசி நாளாக வைத்துக்கொள்ளுங்கள். அனுமதி இலவசம். தரத்தில் ஏற்ற இறக்கம் இருக்கும்: ஒரே கட்டடத்தில் கீழே அருமையான அச்சோவியங்கள் (கலைஞரே தகட்டிலோ மரத்திலோ செதுக்கி அச்சடிப்பவை), மேலே காலண்டர் பிள்ளையார். வாடகைக்கு விடும் இடம் என்றால் அப்படித்தான்.

எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை, தட்சிணசித்ராவுக்குச் செவ்வாய். உங்களுக்குச் சனி என்பதால் இரண்டும் பிரச்சினை இல்லை. தனியார் கேலரிகள் பலவற்றுக்கு ஞாயிறு விடுமுறை. சரளா, அப்பாராவ் போன்ற பழைய கேலரிகளில் கண்காட்சி இல்லாத வாரங்களும் உண்டு, போன் போட்டுவிட்டுப் போவதே நல்லது. பார்க்க மட்டும் போகிறீர்கள் என்றால் யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். உள்ளே நுழைந்ததும் மேசையில் இருப்பவருக்கு ஒரு வணக்கம், வருகைப் பதிவேட்டில் பெயர், அவ்வளவுதான். பதிவேட்டில் மின்னஞ்சலும் எழுதிவிடுங்கள், அடுத்த அழைப்பு தானாக வரும்.

திறப்பு விழா மாலையில் படம் பார்க்க முடியாது. குத்துவிளக்கு, பொன்னாடை, உரை, பிறகு சுவரை மறைத்துக்கொண்டு சமோசாத் தட்டோடு கூட்டம். கலைஞரோடு பேச வேண்டும் என்றால் அந்த மாலைக்குப் போங்கள். படத்தைப் பார்க்க வேண்டும் என்றால் மறுநாள் காலை 11 மணிக்கு.

பிறகு சென்னை போட்டோ பினாலே என்ற புகைப்பட விழா. 2016, 2019, 2021-22, 2024-25 என்று இதுவரை நான்கு முறை நடந்திருக்கிறது. ஒரே கூரைக்கு அடியில் இல்லை, ஊர் முழுக்கப் பரவி நடக்கும். 2019இல் கடற்கரைச் சாலை செனட் ஹவுஸே ஒரு கண்காட்சி இடமாக இருந்தது. அது வரும் பருவத்தில் ஒரு சனிக்கிழமைக்கு இரண்டு இடத்துக்கு மேல் வைத்துக்கொள்ளாதீர்கள். நூறு புகைப்படம் தாண்டியதும் கண் சுவரைத் தடவிக்கொண்டு போகுமே தவிர எதையும் பார்க்காது.

பறக்கும்ரயில்

வழி நான் சொல்றேன். பெருங்குடியிலிருந்து ரெண்டு திசை இருக்கு, ரெண்டையும் ஒரே நாளில் கலக்காதீங்க.

வடக்கு: பெருங்குடி பறக்கும் ரயில் நிலையத்தில் ஏறி பார்க் டவுன். வெளியே வந்தா சென்ட்ரல் மெட்ரோ. பச்சை வழித்தடத்தில் ஒரே ஸ்டேஷன் எழும்பூர். அங்கிருந்து பாந்தியன் ரோடு அருங்காட்சியகம் நடக்கிற தூரம்தான், வெயிலா இருந்தா ஷேர் ஆட்டோ. மதியம் அங்கிருந்து கிரீம்ஸ் ரோட்டுக்கு மெட்ரோ வேண்டாம். சென்ட்ரல் திரும்பி, நீல வழித்தடம் மாறி, ஆயிரம் விளக்கில் இறங்கி நடக்கணும், அதுக்கு ஆட்டோவே சீக்கிரம். ஆட்டோக்காரரிடம் லலித் கலானு சொன்னா முழிப்பார், கிரீம்ஸ் ரோடு அப்போலோனு சொல்லிட்டு அங்கே போய் வழி காட்டுங்க. சாயங்காலம் காலேஜ் ரோட்டிலோ ரட்லண்ட் கேட்டிலோ ஏதாவது இருந்தா அதோட முடிச்சுக்கலாம்.

நுங்கம்பாக்கம்னு பேரைப் பார்த்து நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்தில் இறங்கிடாதீங்க. அது சூளைமேடு ஓரம். காலேஜ் ரோட்டுக்கு மறுபடி ஆட்டோதான்.

தெற்கு: திருவான்மியூர் வரை ரயில், அங்கே பஸ் நிலையத்திலிருந்து ஈசிஆர் வழியா கோவளம், மாமல்லபுரம் போகிற பஸ். முதலில் தட்சிணசித்ரா, திரும்பும்போது சோழமண்டலம். இந்த வரிசையை மாத்தாதீங்க. தட்சிணசித்ரா பெரிய வளாகம், மூணு மணி நேரம் நடக்கணும், காலையில் தெம்பு இருக்கும்போதே முடிக்கணும். சோழமண்டலம் ஒன்றரை மணி நேரத்தில் முடியும், வீட்டுக்கும் அதுதான் பக்கம். சனி சாயங்காலம் ஈசிஆரில் ஊருக்குள் வர்ற பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்கும்னு நம்பாதீங்க.

வடக்கே போகிற நாளில், வழியில் இந்திரா நகர் ஸ்டேஷனில் கண்ணைத் திறந்து வையுங்க. எச்ஐவி பத்திய விழிப்புணர்வுக்காக 2020இல் வரைஞ்ச பெரிய சுவரோவியம் அந்த ஸ்டேஷன் கட்டடத்து மேலதான் இருக்கு. அதே வருஷம்தான் கண்ணகி நகரில் குடியிருப்புப் பிளாக்குகளின் பக்கச் சுவர்களில் முழு உயரத்துக்கு வரைஞ்சாங்க. அங்கே போனா ஒண்ணு மனசில் வையுங்க: அது மியூசியம் இல்லை, ஊருக்குள்ளிருந்து கிளப்பிக் கொண்டுவந்து விட்ட ஜனங்க குடியிருக்கிற இடம். சுவரை மட்டும் படம் எடுங்க. துணி காயப்போட்ட பால்கனியையும் ஆட்களையும் கேட்காம எடுக்காதீங்க.

பக்கவெளிச்சம்

நடனம் பற்றி யாரும் தொடவில்லை, அதனால் நான்.

முதலில் சபாப் பழக்கத்தை வாசலில் விட்டுவிட்டு வரணும். சபாவில் ஒரு வர்ணம் முடிந்ததும் எழுந்து போய் காபி குடித்துவிட்டு ஜாவளிக்குத் திரும்பலாம். சமகால நடனத்தில் உருப்படி, உருப்படியாகப் பிரித்து அறிவிப்பு வராது. 45லிருந்து 70 நிமிடம் வரை ஒரே மூச்சு, இடைவேளை இல்லை. தொடங்கியபின் கதவை மூடிவிடுவார்கள். பந்தாவுக்காக இல்லை. இந்த நிகழ்ச்சிகளில் முக்கியமான விளக்கு மேலே இருப்பது அல்ல, மேடையின் இரண்டு பக்கமும் தாழ்வாக நிற்கும் பக்க விளக்கு. உடம்பின் விளிம்பை மட்டும் வெட்டிக் காட்டுவது அதுதான். மீதி இடமெல்லாம் இருட்டு. பின்கதவு ஒரு தடவை திறந்தால் தாழ்வாரத்து டியூப்லைட் நேராக மேடைக்குப் போகும், அத்தனை நேரம் கட்டிய இருட்டு ஒரு நொடியில் போச்சு. அதே காரணத்துக்காகத்தான் போன் திரையும் கூடாது. படம் எடுக்க அனுமதி இருந்தாலும் கேமராவில் ஃபோகஸுக்காக எரியும் அந்தச் சின்ன ஆரஞ்சு விளக்கை அணைத்துவிடுங்கள்.

எங்கே உட்காருவது என்பது அரங்கைப் பொறுத்தது. தரை சமமாக இருந்து நாற்காலி மட்டும் போட்டிருந்தால் முதல் வரிசை, இல்லாவிட்டால் ஓரம். இந்த நடனத்தில் பாதி வேலை தரையில் படுத்தும் உருண்டும் நடக்கும். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தால் முன்னால் இருப்பவரின் பின்மண்டையைத்தான் பார்ப்பீர்கள். படிப்படியாக உயரும் இருக்கை என்றால் நடுவில் நாலாவது, ஐந்தாவது வரிசை. ஆடுபவர்களுக்கு இடையே உள்ள தூரமும் கோணமும் அங்கிருந்துதான் தெரியும். தரையில் கறுப்பு வினைல் விரிப்பு போட்டிருந்தால் அதன்மேல் செருப்போடு கால் வைக்காதீர்கள். ஒரு மணல் துகள் போதும், வெறுங்காலில் சுழல்பவருக்குத் தோல் கிழிய. பெசன்ட் நகர் மாதிரி கடற்கரை ஓர இடங்களில் இது நிஜமான பிரச்சினை.

இலவச நிகழ்ச்சிக்கு ஆன்லைனில் பதிவு செய்தாலும் அது இடத்துக்கு உத்தரவாதம் இல்லை. வராதவர்களைக் கணக்கில் வைத்துக் கூடுதலாகத்தான் பதிவு எடுப்பார்கள். 20 நிமிடம் முன்னதாக நில்லுங்கள். மாக்ஸ் முல்லர் பவன் போன்ற இடங்களில் வாசலில் பை சோதனை இருக்கும், அடையாள அட்டையும் கையில் இருக்கட்டும். ஸ்பேசஸுக்குப் போனால் கொசு மருந்து தடவிக்கொண்டு போங்கள், தரையில் உட்காரத் தோதான உடையும் நல்லது.

என்ன பார்ப்பது என்ற கேள்விக்கு வருகிறேன். பரதநாட்டியம் தெரிந்தவர்கள்தான் இங்கே அதிகம் திணறுவார்கள், முத்திரைக்குப் பொருள் தேடி. நடனம் அமைத்த சந்திரலேகா 1985இல் 'அங்கிகா' என்ற படைப்பைச் செய்தபோது பரதத்தோடு களரியையும் யோகத்தையும் ஒரே தரையில் வைத்தார். கதையையும் கடவுளையும் எடுத்துவிட்டால் அரைமண்டி (முழங்காலை மடக்கி நிற்கும் பரத நிலை) என்பது வெறும் உடம்பாக என்ன செய்கிறது என்பதுதான் கேள்வி. அவர் குழுவில் ஆடிய பத்மினி செட்டூர் அதை இன்னும் மெதுவாக்கினார். அவருடைய ஒரு படைப்பு கேலரிச் சுவரோரம் மூன்று மணி நேரம் நடக்கும், பார்ப்பவர் நடக்கலாம், போய்விட்டு வரலாம். இன்னொரு நடனக் கலைஞர் ப்ரீத்தி ஆத்ரேயாவின் ஒரு படைப்புக்குக் குதிப்பது மட்டுமே பொருள். இப்படிப்பட்டவற்றில் முதல் பத்து நிமிடம் ஒரே ஒரு ஆளின் பாதத்தை மட்டும் பாருங்கள். எடை குதிகாலில் இருக்கிறதா, முன்பாதத்திலா? எப்போது மாறுகிறது? அதற்கு முன் மூச்சு என்ன செய்கிறது? அது பிடிபட்டால் மீதி தானாகத் திறக்கும். பிடிபடாவிட்டால் அலுப்பாகத்தான் இருக்கும், அதிலும் தப்பில்லை. எல்லாம் நல்ல படைப்பாக இருக்கவேண்டும் என்று சட்டமா?

பத்மினியும் ப்ரீத்தியும் சேர்ந்து இயங்கிய பேஸ்மென்ட் 21 குழு, மாக்ஸ் முல்லர் பவனோடு சேர்ந்து மார்ச் மாதத்தில் நடத்திவந்த 'மார்ச் டான்ஸ்'தான் இந்த ஊரில் இந்த வகைக்கான ஒழுங்கான விழா. பிப்ரவரி மத்தியிலிருந்தே அறிவிப்பைக் கவனியுங்கள். ஆடி முடிந்ததும் நடக்கும் உரையாடலுக்கு இருந்துவிட்டு வாருங்கள். கேள்வி கேட்டால் ஒரு வரியில் கேளுங்கள், இங்கே பலர் கேள்வி என்று ஆரம்பித்து சொற்பொழிவு செய்துவிடுவார்கள்.

பெருங்குடி_மேற்கு

அடேங்கப்பா, நன்றிங்க எல்லாருக்கும். ரெண்டு துணைக் கேள்வி. தெற்குப் பக்கம் போனால் பொண்ணுக்கு என்ன காட்டலாம்? டிசைன் என்று தனியாக ஏதாவது இருக்கா? அப்புறம், சின்னதாக ஒரு பிரின்ட் வாங்கலாம் என்றால் எதைப் பார்த்து வாங்கணும்?

செம்புத்தகடு

சோழமண்டலம் 1966இல் கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் கலைஞர்களே நிலம் வாங்கி உருவாக்கிய கிராமம். பாத்திக் (மெழுகு வைத்துச் சாயமிட்ட துணி), கைவினைப் பொருள் விற்ற காசுதான் மூலதனம். உள்ளே இருக்கும் அருங்காட்சியகம் 2009இல் திறந்தது. எழும்பூர் கலைக் கல்லூரியைச் சுற்றி உருவான, 'மதராஸ் இயக்கம்' என்று சொல்லப்படும் தலைமுறையை ஒரே இடத்தில் பார்க்க இதை விட்டால் வேறு இடம் இல்லை. சிறு பத்திரிகை வாசகர்களுக்கு ஓவியர் ஆதிமூலத்தின் கோடு பழக்கமாக இருக்கும், கி.ரா.வின் கரிசல் எழுத்துக்குப் போட்ட படங்கள் வழியாக. அந்தக் கோடு எந்த வகுப்பறையிலிருந்து வந்தது என்பது இங்கே புரியும்.

குழந்தையோடு போனால் சிற்பங்களிலிருந்து தொடங்குங்கள். பி.வி. ஜானகிராமின் தகட்டுச் சிற்பத்தை முன்னால் நின்று பாருங்கள், பிறகு பின்பக்கம் போகச் சொல்லுங்கள். பின்னால் ஒன்றும் இருக்காது. குறை அல்ல அது. உற்சவருக்குச் சாத்தும் கவசத்தை எப்படித் தகட்டைத் தட்டிச் செய்கிறார்களோ அந்த முறைதான் அடிப்படை, ஆகவே முன்முகம் மட்டும். பற்றவைத்த கம்பி எங்கே தகட்டோடு சேர்கிறது என்று குழந்தை தானே கண்டுபிடிக்கும். பணிக்கரின் 1963க்குப் பிந்தைய படங்களில் எழுத்து மாதிரி, ஜாதகக் கட்டம் மாதிரி நிறைய வரும். அம்மா அப்பாதான் அதைப் படிக்க முயன்று தோற்பார்கள். படிப்பதற்கில்லை அவை.

தோட்டத்துச் சிற்பங்களை மதியம் 12க்கும் 3க்கும் நடுவில் தொட விடாதீர்கள். கருங்கல்லும் உலோகமும் கொதிக்கும்.

டிசைன் என்று பெயர்ப் பலகை போட்ட நிகழ்ச்சிகள் இங்கே குறைவு. என்னைக் கேட்டால் தட்சிணசித்ராவின் வீடுகளே சென்னையின் நல்ல டிசைன் காட்சி. அங்குள்ள செட்டிநாட்டு வீட்டைப் பிரித்துக் கொண்டுவந்து மறுபடி பூட்டியிருக்கிறார்கள். தூணும் உத்தரமும் சேரும் இடத்தைப் பாருங்கள், மரத்தை மரம் எப்படிக் கவ்வுகிறது என்று. அதே வளாகத்தில் வரிஜா கேலரியில் சமகால ஓவியக் கண்காட்சி மாறிக்கொண்டே இருக்கும், பலர் அதைக் கவனிக்காமலே திரும்பிவிடுகிறார்கள். குழந்தைக்கு மண் பிசையவும் அங்கே வழி உண்டு, சட்டை ஒன்று கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

திருவான்மியூர் கலாக்ஷேத்ராவில் நெசவும் கலம்காரியும் நடக்கும் கைவினைப் பிரிவு இருக்கிறது, ஆனால் வேலை நாளில்தான் தறி ஓடும். சனிக்கிழமை நம்பிப் போகாதீர்கள். எழும்பூர் கவின்கலைக் கல்லூரியில் ஓவியம், சிற்பத்தோடு காட்சித் தொடர்பு, துணி வடிவமைப்பு, மண்பாண்டம், அச்சோவியம் எல்லாம் பாடம். மாணவர் கண்காட்சி வரும்போது விடாதீர்கள். விலை குறைவு, துணிச்சல் அதிகம்.

மையும்தாளும்

பிரின்ட் கேள்விக்கு. முதலில் அது அச்சோவியமா, ஓவியத்தின் டிஜிட்டல் நகலா என்று நேரடியாகக் கேளுங்கள். இரண்டையும் 'பிரின்ட்' என்றுதான் சொல்வார்கள், விலை வித்தியாசம் பெரிது. எட்சிங், அதாவது தகட்டு அச்சு என்றால் தாளைச் சாய்த்து வெளிச்சத்தில் பாருங்கள்: படத்தைச் சுற்றித் தகட்டின் விளிம்பு தாளில் அமுங்கிய தடம் இருக்கும். நகலில் அது இருக்காது. கீழே பென்சிலில் 7/25 என்றிருந்தால் 25 பிரதியில் ஏழாவது என்று பொருள். எண்ணே இல்லாவிட்டால் எத்தனை அடித்திருக்கிறார்கள் என்று கேட்டு ரசீதில் எழுதி வாங்குங்கள். விலைப்பட்டியல் மேசையில் இருக்கும், சுவரில் இருக்காது. படத்தின் பக்கத்தில் சிவப்புப் பொட்டு இருந்தால் விற்றாகிவிட்டது. சொல்லும் விலையில் ஜிஎஸ்டி, ஃபிரேம் எல்லாம் அடக்கமா என்பதை முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

படத்துக்குச் சட்டம் (ஃபிரேம்) போடுவதில்தான் சென்னையில் எல்லாம் கெடும். தாள் கண்ணாடியைத் தொடக் கூடாது. தொட்டால் ஐப்பசி மழையில் ஈரம் உள்ளே வேர்த்து, மையும் கண்ணாடியும் ஒட்டிக்கொள்ளும், பிறகு பிரிக்க முடியாது. நடுவில் ஜன்னல் வெட்டிய மவுன்ட் அட்டை வைக்கச் சொல்லுங்கள், அமிலமில்லாத அட்டையாக. தெருமுனைக் கடையில் மஞ்சள் ஸ்ட்ரா போர்டு போடுவார்கள், சில வருடங்களில் ஓரம் பழுப்பாகும். தாளின் நான்கு பக்கமும் ஃபெவிகால் தடவி ஒட்ட விடாதீர்கள், செலோ டேப்பும் வேண்டாம். மேல் விளிம்பில் மட்டும் இரண்டு இடத்தில், மெல்லிய தாள் பட்டையை மைதாப் பசையால் ஒட்டித் தொங்கவிட வேண்டும். அப்போதுதான் ஈரத்தில் தாள் விரியவும் சுருங்கவும் இடம் இருக்கும், நெளியாது. அந்தப் பசை மீந்தால் வழித்துத் துடைக்கச் சொல்லுங்கள், வெள்ளிப்பூச்சிக்கு அது விருந்து. மாட்டும்போது மழை அடிக்கும் வெளிச்சுவரைத் தவிர்த்து உள்சுவரில் மாட்டுங்கள். சட்டத்தின் கீழ் மூலைகள் இரண்டிலும் ஒரு சின்ன ரப்பர் துண்டு ஒட்டினால் பின்னால் காற்று போகும்.

பறக்கும்ரயில்

ஒண்ணு விட்டுட்டேன். பிரின்டை வாங்கிட்டு ரயிலில் வர்றதா இருந்தா சுருட்டித் தரச் சொல்லாதீங்க. ரெண்டு கெட்டி அட்டைக்கு நடுவில் தட்டையா வச்சு டேப் போட்டு வாங்கிக்குங்க. பெரிய சைஸ்னா சனிக்கிழமை சாயங்காலக் கூட்டத்தில் ஏறாதீங்க, கேலரியிலேயே விட்டுட்டு அடுத்த வாரம் காலையில் போய் எடுத்துக்கலாம், வச்சிருப்பாங்க.